தூங்குமூஞ்சி மரத்தின் இலை உறக்கமும் ஏற்பிப் புரதத் தேடலும்

இலை உறக்கம் என்பது சில தாவரங்கள் மாலையில் இலைகளை மடக்கி, மறுநாள் காலையில் மீண்டும் விரிக்கும் அன்றாட அசைவாகும். தாவரவியலில் இது நிக்டினாஸ்டி எனப்படும். தொட்டால் சுருங்குவது வேறு, இது வேறு. இங்கு யாரும் தொடுவதில்லை. பொழுது சாய்வதும் விடிவதுமே கணக்கு. இந்த அசைவை நடத்தும் வேதிப்பொருள்கள் சிலவற்றை அறிஞர்கள் தாவரங்களிலிருந்தே பிரித்தெடுத்துள்ளனர். அவ்வாறு பிரித்தெடுத்த பொருள் இலையின் எந்தச் செல்லில், எந்தப் புரதத்தில் போய் அமர்கிறது என்பது அடுத்த கேள்வி. செய்தியை வாங்கிக்கொள்ளும் அந்தப் புரதத்துக்கு ஏற்பிப் புரதம் என்று பெயர். அதைத் தேடுவதற்காக ஆய்வகத்தில் செய்யப்படும் தனி மூலக்கூறு வேதித் துழாவி ஆகும். நமக்கு நன்கு பழக்கமான தூங்குமூஞ்சி மரத்தில் இந்தத் தேடல் நடந்த விதத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

நம் வட்டாரத்தில் உறங்கும் தாவரங்கள்

விருதுநகர் மாவட்டத்தில் வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை ஊர்களைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கண்மாய்க் கரையிலும் கரட்டிலும் தழைத்திருப்பவற்றில் பல பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இலை உறக்கம் மிகுதியாகக் காணப்படுவதும் அந்தக் குடும்பத்தில்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் புளியமரத்தைப் பார்த்தால் சிற்றிலைகள் இணை இணையாக ஒடுங்கியிருக்கும். வாகை, அகத்தி, ஆவாரை, தகரை ஆகியவையும் அப்படியே. நிலக்கடலைச் செடியின் நான்கு சிற்றிலைகளும் இரவில் ஒன்றையொன்று பார்த்தபடி மேல்நோக்கி மடங்கும். சீமைக்கருவேலமும் இரவில் இலையை மூடிக்கொள்ளும்.

பயறுக் குடும்பத்துக்கு வெளியிலும் சில உண்டு. மஞ்சள் காமாலைக்கு நம்மவர்கள் தேடிப் போகும் கீழாநெல்லி அவற்றுள் ஒன்று. எனினும் தமிழில் உறக்கத்தாலேயே பெயர் பெற்றது தூங்குமூஞ்சி மரம்தான். மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இம்மரம் நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டு, பள்ளி வளாகங்களிலும் அலுவலகங்களிலும் சாலையோரங்களிலும் நடப்பட்டது. மழை மேகம் கவிந்தாலும் இது இலையை மடக்குவதுண்டு. இதன் அறிவியல் பெயர் சமானியா சமான். அல்பிசியா சமான் என்றும் எழுதுவர்.

ஆய்வின் முன்கதை

மரங்களின் உறக்கத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு பொது ஆண்டுக்கு முன் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலெக்சாந்தரின் கடற்படையில் இருந்த ஆண்ட்ரோஸ்தனிஸ், இன்றைய பகுரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலைகளை மூடிப் பகலில் திறப்பதைக் கண்டு எழுதினார். அது புளியமரம் என்பதே அறிஞர் பலரின் கருத்து.

1729ஆம் ஆண்டில் பிரான்சின் தெ மெரான், தொட்டாச்சிணுங்கிச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் செடி வழக்கமான நேரத்தில் இலையை விரித்தது, மடக்கியது. ஆகவே தாவரத்துக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற எண்ணம் பிறந்தது. 1880இல் சார்லசு டார்வின் தம் மகன் பிரான்சிசின் துணையோடு தாவர அசைவுகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். திறந்த வானத்தின் கீழ் இலை வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடாமல் இருக்கவே அது மடங்குகிறது என்பது அவர் கருத்து.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் ஜகதீச சந்திர போஸ். செடியின் நுண்ணிய அசைவைப் பதிவு செய்யும் கருவிகளை அவரே வடிவமைத்தார். தொட்டாச்சிணுங்கியையும், பக்கச் சிற்றிலைகள் தாமாகவே ஆடும் தொழுகண்ணியையும் பல்லாண்டு ஆராய்ந்தார். தொட்டாச்சிணுங்கியில் தூண்டல் மின் துடிப்பாகப் பரவுகிறது என்று அவர் நிறுவ முயன்றார். 1917இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டில் இத்தாலியின் உபால்டோ ரிக்கா, தண்டின் நீர்க்குழாய் வழியே செல்லும் ஏதோ ஒரு வேதிப்பொருளும் அதே செடியில் தூண்டலைக் கடத்துகிறது என்று காட்டியிருந்தார். மின்சாரமா, வேதிப்பொருளா என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதே இன்றைய நிலை.

அதைப்பு: இலையின் கீல்

இலை மடங்கும் இடம் அதன் அடியில் சற்றுப் பருத்திருக்கும் அதைப்பு. கதவுக்குக் கீல் போன்றது இது. தூங்குமூஞ்சி மரத்தில் காம்பின் அடியிலும், கிளைக்காம்புகளின் அடியிலும், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் அதைப்பு உண்டு. அதனுள் இரு பக்கங்களில் இயக்கச் செல்கள் உள்ளன. ஒரு பக்கத்தவை விரிப்புச் செல்கள். எதிர்ப்பக்கத்தவை மடிப்புச் செல்கள். விரிப்புச் செல்கள் நீர் ஏறிப் புடைத்து, மடிப்புச் செல்கள் சுருங்கினால் இலை விரியும். இது தலைகீழாக நடந்தால் இலை மடங்கும்.

செல்லுக்குள் நீர் ஏறவும் இறங்கவும் காரணம் பொட்டாசியம், குளோரைடு அயனிகள். செல்லிலிருந்து இந்த அயனிகள் வெளியேறினால், சவ்வூடு பரவலின்படி நீரும் பின்தொடர்ந்து வெளியேறும், செல் சுருங்கும். 1970களில் அமெரிக்காவின் ரூத் சாட்டர் உள்ளிட்டோர் தூங்குமூஞ்சி மரத்தின் அதைப்பிலேயே பொட்டாசியம் இடம் மாறுவதை விரிவாக ஆராய்ந்தனர்.

எந்தக் கதவைத் திறந்தால் அயனி வெளியேறும் என்பது இவ்வாறு ஓரளவு புரிந்தது. அந்தக் கதவைத் திறக்கச் சொல்வது யார் என்பது மீதமிருந்தது.

மடக்கும் பொருளும் விரிக்கும் பொருளும்

1980களில் செருமனியின் ஐடெல்பெர்க் நகரில் எர்மன் சில்ட்நெக்ட், இலையசைவைத் தூண்டும் சில பொருள்களைப் பிரித்து, அவற்றுக்கு டர்கோரின்கள் என்று பெயரிட்டார். அசையும் தாவரங்களுக்கெல்லாம் இவை பொதுவான இயக்குநீர்கள் என்பது அவர் கொள்கை.

ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் சோசுகே யமமுராவும் மினோரு உயேதாவும் இதை மீண்டும் ஆராய்ந்தனர். உயேதா பின்னர் செண்டாய் நகரின் தொகோக்கு பல்கலைக்கழகத்தில் இப்பணியைத் தொடர்ந்தார். அவர்கள் முறை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டுவது. செடியின் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதியையும் நீரில் கலந்து, அதில் வெட்டிய இலையை வைப்பார்கள். பட்டப்பகலில் இலையை மூடச் செய்யும் பகுதி எது, இரவிலும் இலையை விரித்தே வைக்கும் பகுதி எது என்று பார்ப்பார்கள். செயல்படும் பகுதியை மேலும் மேலும் பிரித்து, ஒரே பொருள் எஞ்சும் வரை போவார்கள்.

இதில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, ஆராய்ந்த செடிகளில் மடக்கும் பொருள் ஒன்றும் விரிக்கும் பொருள் ஒன்றும் எதிரெதிராக இருந்தன. இரண்டின் விகிதம் பகலுக்கும் இரவுக்கும் மாறுவதால் இலை அசைகிறது. இரண்டாவது, இப்பொருள்கள் செடிக்குச் செடி வேறுபட்டன. கீழாநெல்லிக்கு நெருங்கிய உறவான பில்லாந்தசு யூரினேரியாவின் மடக்கும் பொருள் வேறு பேரினத்துச் செடியை மடக்கவில்லை. எல்லாத் தாவரத்துக்கும் பொதுவான உறக்க இயக்குநீர் என்ற கொள்கை இதனால் ஆட்டம் கண்டது.

விகிதத்தை மாற்றுவதில் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. பல செடிகளில் இரு பொருள்களுள் ஒன்று குளுக்கோசு இணைந்த மூலக்கூறாக இருந்தது. உரிய நேரத்தில் ஒரு நொதி குளுக்கோசை வெட்டிவிடும், பொருள் செயலிழக்கும். பில்லாந்தசு யூரினேரியாவில் மடக்கும் பொருள் இவ்வாறு வெட்டுப்படுகிறது. லெஸ்பெடெசா குனியேட்டா என்னும் பயறுக் குடும்பச் செடியில் விரிக்கும் பொருள் வெட்டுப்படுகிறது.

தூங்குமூஞ்சி மரத்தின் மடக்கும் பொருள் ஜாஸ்மோனிக் அமிலத்தின் வழிவந்தது. அந்த அமிலத்தின் 12ஆம் கார்பனில் ஒரு ஐதராக்சில் தொகுதியும் அதனோடு ஒரு குளுக்கோசும் இணைந்த மூலக்கூறு அது. ஜாஸ்மோனிக் என்ற பெயர் மல்லிகைக் குடும்பத்திலிருந்து வந்தது. அந்த அமிலத்தின் மெதில் எசுத்தர் 1962இல் பிச்சிப் பூவின் மணநெய்யிலிருந்து பிரிக்கப்பட்டது. பூக்காரம்மாவின் கூடையில் மணப்பதும், மரத்தடியில் இலையை மடக்குவதும் ஒரே வேதிக் குடும்பம் என்பது வியப்பான செய்தியே.

துழாவி என்றால் என்ன

சாவி கிடைத்துவிட்டது, பூட்டு எது என்று தெரியவில்லை. செல்லில் ஆயிரக்கணக்கான புரதங்கள் உள்ளன. சாவி எதில் நுழைகிறது என்பதைக் கண்ணால் காண முடியாது. எனவே வேதியியலாளர் சாவியோடு ஓர் அடையாளத்தைக் கட்டி உள்ளே அனுப்புகின்றனர். அதுவே துழாவி. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கப் பாதாளக் கரண்டியை இறக்குவது போல என்று கொள்ளலாம்.

துழாவி செய்வதில் ஒரு கட்டாயம் உண்டு. அடையாளத்தைக் கட்டிய பிறகும் மூலக்கூறு இலையை மடக்க வேண்டும், அல்லது விரிக்க வேண்டும். சாவியின் பல்லிலேயே கயிற்றைக் கட்டினால் அது பூட்டில் நுழையாது. ஆகவே மூலக்கூறின் எந்த மூலை வேலைக்குத் தேவையில்லை என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பல நேரங்களில் சர்க்கரைப் பகுதியே அந்த இடமாக அமைந்தது. நொதி அதை வெட்டிவிடாமல் இருக்கக் குளுக்கோசுக்குப் பதிலாகக் கேலக்டோசைச் சேர்த்தனர். இரண்டு சர்க்கரைக்கும் ஒரே ஒரு ஐதராக்சில் தொகுதியின் திசைதான் வேறுபாடு. குளுக்கோசை வெட்டும் நொதி கேலக்டோசை அவ்வளவு எளிதில் தொடுவதில்லை.

ஒளிரும் துழாவி: எந்தச் செல்?

முதல் வகைத் துழாவியில் ஒளிரும் சாயம் ஒன்று கட்டப்பட்டது. அதைப்பை மெல்லிய சீவலாகச் சீவி, துழாவியில் ஊறவைத்து, கழுவி, ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தனர். அதைப்பின் இயக்கச் செல்கள் மட்டும் ஒளிர்ந்தன. மற்றச் செல்கள் ஒளிரவில்லை. அல்பிசியா சூலிப்ரிசின் என்னும் வாகை இனத்தில் இயக்கச் செல்களிலும் விரிப்புச் செல்கள் மட்டுமே ஒளிர்ந்தன. அந்தத் துழாவி வேறு பேரினச் செடிகளின் இயக்கச் செல்லில் ஒட்டவில்லை. செடிக்குச் செடி பொருள் வேறு என்று சாற்றுச் சோதனையில் கண்டது, செல்லின் அளவிலும் உறுதியானது.

எந்தத் தெரு, எந்த வீடு என்பது இவ்வாறு தெரிந்தது. வீட்டுக்குள் யார் என்று தெரிய அடுத்த துழாவி வேண்டியிருந்தது.

ஒட்டியதெல்லாம் ஏற்பியா?

இரண்டாம் வகை, ஒளியால் பிணையும் துழாவி. இதற்கு மூன்று உறுப்புகள். ஒன்று, ஏற்பியில் அமரும் இயற்கைப் பொருளின் வடிவம். இரண்டு, பென்சோபீனோன் போன்ற ஒளியுணர் தொகுதி. சுமார் 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டதும் இது அருகிலுள்ள புரதத்தோடு நிலையான பிணைப்பை உண்டாக்கும். மூன்று, பின்னர் புரதத்தைப் பிரித்து அடையாளம் காண உதவும் குறி. பயோட்டின் இதற்குப் பெரிதும் பயன்படும், ஏனெனில் அவிடின் என்ற புரதம் அதை இறுகப் பற்றிக்கொள்ளும். துழாவியைச் செல்சவ்வுப் புரதங்களோடு கலந்து, ஒளி பாய்ச்சி, புரதங்களை எடைவாரியாகப் பிரித்தால் குறி ஒட்டிய புரதம் கோடாகத் தெரியும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். ஒட்டும் தன்மையுள்ள எதுவும் பல இடங்களில் ஒட்டும். எண்ணெய்ப்பசையுள்ள தொகுதி எண்ணெய்ப்பசையுள்ள புரதத்தில் வீணே ஒட்டலாம். மிகுதியாக உள்ள புரதத்தில் தற்செயலாகவும் ஒட்டலாம். உண்மையான ஏற்பி செல்லில் மிகக் குறைந்த அளவே இருக்கும். போலிகளோ கூட்டமாக இருக்கும். கோடு தெரிந்தவுடன் ஏற்பியைக் கண்டோம் என்று அறிவித்தால் ஏமாந்துபோக நேரிடும். உயிர்வேதியியலில் பல தேடல்கள் திசை மாறுவது இந்த இடத்தில்தான்.

உயேதா குழுவினர் இதற்கு ஆடிப்பிம்ப மூலக்கூறைத் துணைக்கு அழைத்தனர். நம் இரு கைகளும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். பல மூலக்கூறுகளுக்கும் இவ்வாறு வலம், இடம் என்ற இரு வடிவங்கள் உண்டு. எடை ஒன்று, உருகுநிலை ஒன்று, நீரில் கரையும் தன்மை ஒன்று. எண்ணெய்ப்பசையும் ஒன்றே. எனவே வீணாக ஒட்டும் இடங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒட்டும். ஏற்பியின் குழிவோ இடம் வலம் பார்க்கும். அது வலக்கால் செருப்பைப் போன்றது, இடக்கால் அதில் சரியாக அமராது.

தூங்குமூஞ்சி மரத்தின் மடக்கும் பொருளில் இயற்கை வடிவம் இலையை மடக்கியது. அதன் ஆடிப்பிம்பம் மடக்கவில்லை. இரு வடிவங்களிலும் தனித்தனித் துழாவிகள் செய்து, ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே ஒளியில் சோதித்தனர். இரண்டிலும் தோன்றிய கோடுகளைத் தள்ளினர். இயற்கை வடிவத் துழாவியில் மட்டும் தோன்றிய கோட்டையே கணக்கில் கொண்டனர். 2008இல் வெளியான இவ்வாய்வில், இயக்கச் செல்லின் சவ்விலிருந்து சுமார் 38 கிலோடால்டன் எடையுள்ள ஒரு புரதம் இந்தச் சோதனையில் தேறியது. மடக்கும் பொருளின் இலக்குப் புரதம் என்று அதைக் குறித்தனர். இலக்கைக் குறிப்பது முதற்படி. அந்தப் புரதம் எந்த மரபணுவின் விளைபொருள், அது செய்தியை எப்படிக் கடத்துகிறது என்பவை அதன் பிறகு விடை காண வேண்டியவை.

பின்னர் வந்த ஆய்வுகள்

2011இல் ஜப்பானியரும் செருமானியரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் செல்லின் அளவிலேயே இதைச் சரிபார்த்தனர். இயக்கச் செல்களின் சுவரை நொதியால் கரைத்து, சுவரற்ற உருண்டைச் செல்களாக்கி, அவற்றில் பொருளை இட்டனர். இயற்கை வடிவம் பட்டதும் விரிப்புச் செல்கள் விரைந்து சுருங்கின. மடிப்புச் செல்கள் அசையவில்லை. பொட்டாசியம் கால்வாய்களை அடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்த சோதனை, அந்தக் கால்வாய்கள் திறப்பதே காரணம் என்று காட்டியது.

ஜாஸ்மோனிக் அமிலமும், பூச்சி கடித்தால் தாவரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் அதன் வீரியமான வழிப்பொருள்களும் இலையை மடக்கவில்லை. மடக்கும் பொருள் பூச்சிக்கு எதிரான வழக்கமான பாதுகாப்பைத் தூண்டவும் இல்லை. அந்தப் பாதுகாப்புக்கான ஏற்பி முன்பே அறியப்பட்டது. ஆகவே உறக்கச் செய்தி வேறொரு வழியில் செல்கிறது என்பது தெளிவாயிற்று.

2018இல் காலையில் இலை விரிவதற்கான கால்வாய்ப் புரதங்கள் இதே மரத்தில் இனங்காணப்பட்டன. இரண்டு எதிரயனிக் கால்வாய்களும் ஒரு பொட்டாசியம் கால்வாயும் அவை. அவற்றுள் ஒன்றின் மரபணு, செல் வகையைப் பொறுத்தும் நாளின் பொழுதைப் பொறுத்தும் செயல்படுவதே இலை விரிவதற்குத் திறவுகோல் என்று கண்டனர். அந்த மரபணு பழுதான சோயா மொச்சைச் செடியைக் கொண்டு இதை உறுதி செய்தனர்.

உறக்கம் கெட்டால் என்ன ஆகும்?

லெஸ்பெடெசாவின் விரிக்கும் பொருளில் குளுக்கோசுக்குப் பதிலாகக் கேலக்டோசு சேர்த்து, நொதியால் வெட்ட இயலாத வடிவம் ஒன்றைச் செய்தனர். அதை ஊட்டிய செடி இரவும் பகலும் இலையை மூடவில்லை. நாளடைவில் இலைகள் வாடின. உறக்கம் அந்தச் செடிக்கு வெறும் பழக்கம் அன்று, உயிர்வாழ்வோடு தொடர்புள்ளது என்பதற்கு இது ஒரு சான்று. விரிக்கும் பொருள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், குறிப்பிட்ட களையின் உறக்கத்தை மட்டும் கெடுத்து அதை அழிக்கலாமா என்ற எண்ணமும் இதிலிருந்து எழுந்தது.

கண்மாயையும் புன்செய்யையும் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்ட நம் வட்டாரத்தார்க்கு இது ஆசை காட்டும் செய்தி. ஆனால் மேற்கண்ட சோதனை வேறொரு செடியில், ஆய்வகத்தில் நடந்தது. ஆய்வகச் செடியிலிருந்து கண்மாய்க் காடு வரை வருவது நீண்ட வழி. இன்றைய நிலையில் சீமைக்கருவேலத்தை வேரோடு பெயர்த்தெடுப்பதே செய்யக்கூடியது.

மாணவர்கள் செய்து பார்க்க

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. மழைக்குப் பின் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் தகரை அல்லது கீழாநெல்லிச் செடிகள் இரண்டை, ஒரே உயரத்தில், வேரோடும் மண்ணோடும் எடுத்துத் தனித்தனிச் சட்டியில் வையுங்கள். அவை வேர்பிடிக்க ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஒன்றை வெளிச்சத்திலும் மற்றொன்றை அட்டைப்பெட்டியால் மூடியும் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். இரண்டு நாள்கள், காலை ஆறு மணி, நண்பகல், மாலை ஆறு மணி, இரவு எட்டு மணி என்று இலையின் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒரு நொடி மட்டும் தூக்கிப் பாருங்கள். இருட்டில் உள்ள செடி காலையில் இலையை விரிக்கிறதா, எவ்வளவு விரிக்கிறது என்று வெளிச்சத்துச் செடியோடு ஒப்பிடுங்கள்.

வெளிச்சம் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் இரு செடிக்கும் சமமாக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஒன்றுக்கு நீர் கூடினாலோ, ஒன்று வெயிலில் காய்ந்தாலோ முடிவு செல்லாது. 2008ஆம் ஆண்டு ஆய்வில் ஆடிப்பிம்பத் துழாவி செய்த வேலையும் இதுவே. எல்லாவற்றையும் சமமாக்கி, இடம் வலம் என்ற ஒன்றை மட்டும் மாற்றியதால்தான் போலிகளைத் தள்ள முடிந்தது. தெ மெரான் இருட்டறையில் வைத்த செடியிலும், இன்று நம் கொல்லையில் பெட்டிக்குள் இருக்கும் தகரையிலும் அதே ஒழுங்கு உண்டு.